வால் நறுக்கிய குதிரை

ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்றால், அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குவதுதான் நம் வழக்கம். புடவையானால் ஜரிகை எத்தனை அங்குலம், பாத்திரமானால் என்ன கனம், பீரோவானால் எத்தனை தட்டு என்று கேட்போம். "இதில் அது கிடையாது, இது கிடையாது, மற்றதும் கிடையாது, ஆகையால் விலை இவ்வளவு" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டிவிடுவோம்.

அமெரிக்காவில் அப்படி ஒரு சாமானைப் பதின்மூவாயிரம் டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். அது ஒரு மோட்டார் சைக்கிள். பெயர் 'இந்தியன் ஸ்கவுட் பாபர்'.

பெயரைக் கேட்டதும் வாசகர்கள் தலையைச் சொறிந்துகொள்ள வேண்டாம். இதில் வருகிற பாபருக்கும் மொகலாயச் சக்கரவர்த்திக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 'இந்தியன்' என்பதற்கும் நம் தேசத்துக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கக் கண்டத்தின் பூர்வ குடிகளைக் குறித்து அந்நாட்டார் வைத்த பெயர் அது. (பூர்வ குடிகளுக்கே அந்தப் பெயர் வந்தது கொலம்பஸ் வழி தவறியதால்தான் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும்.)

வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதில் இல்லாத சாமான்கள்தான். பின்சக்கரத்து மட்கார்டு பாதியிலேயே நறுக்கப்பட்டிருக்கிறது. முன்சக்கரத்து மட்கார்டு மழைக்குப் பிடித்த கைக்குட்டை போல ஒரு துண்டு. காற்றைத் தடுக்கும் கண்ணாடி இல்லை. சாமான் வைக்கப் பெட்டி இல்லை. பளபளக்கும் குரோமியப் பூச்சுக்குப் பதிலாக எங்கே பார்த்தாலும் கறுப்பு. ஆசனம் தரையிலிருந்து 649 மில்லிமீட்டர், அதாவது இரண்டடிக்குக் கொஞ்சம் மேலே. முக்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார வேண்டியதுதான். பெரிய பெட்ரோல் டாங்க், அதன் கீழே 'வி' எழுத்தைப் போல விரிந்து நிற்கும் இரண்டு சிலிண்டர்கள், தடித்த இரண்டு டயர்கள். அவ்வளவுதான் வண்டி.

ஆசனம் ஒன்றே ஒன்று. ஓட்டுகிறவருக்கு மட்டும்.

நம் வீடுகளில் இப்படி ஒரு வண்டி வந்து நின்றால் வாசற்படியிலிருந்து முதல் கேள்வி எப்படிப் பிறக்கும் என்று சொல்லவே வேண்டாம். "இதிலே நான் எங்கே உட்காருகிறதாம்?" நியாயமான கேள்விதான். பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் இந்த வண்டிக்கு வால் நறுக்கிய கதையைக் கேளுங்கள்.

'பாப்' என்றால் இங்கிலீஷில் குட்டையாக நறுக்குவது. வண்டி இழுக்கும் குதிரைகளின் வால் சேணத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, அதைக் குட்டையாக வெட்டிவிடும் பழக்கம் மேல்நாடுகளில் இருந்தது. பெண்கள் கூந்தலைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டபோது அதையும் 'பாப்' என்றார்கள். நம் ஊரிலும் ஒரு காலத்தில் அது பெரிய சண்டையைக் கிளப்பிய சமாசாரம். குதிரை, கூந்தல் இரண்டையும் தாண்டி அந்தச் சொல் மோட்டார் சைக்கிளுக்கு வந்து சேர்ந்தது.

வந்தது எதனால் என்றால், பணமில்லாத காரணத்தால்தான்.

1930-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் பொருளாதார மந்தம். பந்தயத்துக்கென்று தனி வண்டி செய்து தரக் கம்பெனிகளுக்குச் சக்தி இல்லை; வாங்க ஆளும் இல்லை. ஆகவே கடையில் விற்கிற சாதாரண வண்டிகளையே பந்தயத்தில் விடலாம் என்று அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் ஒரு புதிய பிரிவை ஏற்படுத்தியது. வாலிபர்கள் தினமும் வேலைக்குப் போய் வருகிற வண்டியையே ஞாயிற்றுக்கிழமை பந்தயத் திடலுக்கு ஓட்டிக்கொண்டு வருவார்கள். அங்கே வந்ததும் ஸ்பேனரை எடுத்து முன் விளக்கு, மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றிப் புல்தரையில் போட்டுவிட்டுப் பந்தயத்தில் இறங்குவார்கள். முடிந்ததும் திரும்பப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். சிலருக்கு ஒரு நாள் யோசனை தோன்றியிருக்க வேண்டும்: எதற்காகத் திரும்பப் பூட்டுவது?

பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. ஹார்லி-டேவிட்ஸன் கம்பெனி மட்டும் சுமார் 90,000 ராணுவ மோட்டார் சைக்கிள்களைச் செய்து கொடுத்தது. 1945-ல் யுத்தம் முடிந்ததும் சர்க்காருக்கு அவை பாரமாகிவிட்டன. உபரி சாமான் என்று மலிவாகத் தள்ளிவிட்டார்கள். திரும்பி வந்த சிப்பாய்களின் கையில் கொஞ்சம் பணம் இருந்தது. யுத்தத்தில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு. ஐரோப்பாவில் இங்கிலாந்தின் லேசான வண்டிகள் ஓடுவதையும் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். ஊருக்கு வந்தால் அமெரிக்க வண்டிகளோ கல்யாண வீட்டு மாமிகளைப் போல ஏக அலங்காரத்துடன் நின்றன!

அந்த அலங்காரத்தில் முதல் ஸ்தானம் இந்தியன் கம்பெனியின் 'சீப்' வண்டிக்குத்தான். 1940-ல் அதற்கு வைத்த மட்கார்டுகள் பாவாடை போலச் சக்கரத்தின் இரு பக்கமும் வழிந்து இறங்கும். பார்க்க வெகு அழகு. இன்றைக்கும் பழைய வண்டி சேகரிப்பவர்கள் அந்தப் பாவாடைக்காகவே உயிரை விடுகிறார்கள். ஆனால் அன்றைய வாலிபனுக்கு அது வீண் சுமை. வேகம் வேண்டும், பெரிய எஞ்சின் வாங்கப் பணமில்லை. எஞ்சினின் பலத்தைக் கூட்ட முடியாதென்றால் வண்டியின் எடையைக் குறைக்க வேண்டியதுதானே? இரும்பறுக்கும் ரம்பத்தின் விலை சில காசுகள்.

ஹார்லி வண்டிகளின் பின் மட்கார்டில் ஒரு கீல் இருந்தது. டயர் பழுதானால் சக்கரத்தை எளிதில் கழற்றுவதற்காக வாற்பகுதியைத் தூக்கிவிட வைத்த ஏற்பாடு. அந்தக் கீலோடு கழற்றி எறிந்துவிட்டால் வால் போயிற்று! முன் மட்கார்டை அடியோடு எடுத்துவிடுவார்கள். சைலன்ஸரைச் சுருக்குவார்கள். கனமான ஆசனத்துக்குப் பதில் ஒரு சின்ன ஆசனம். தைரியசாலிகள் சிலர் முன் பிரேக்கையே கழற்றினார்கள். அது தைரியமா, வேறு ஏதாவதா என்பதை வாசகர்களின் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறேன். இப்படி வெட்டிய வண்டிக்குத்தான் 'பாப்-ஜாப்' என்று பெயர் வந்தது. பின்னால் அதுவே 'பாபர்' ஆயிற்று.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். இவர்கள் அழகுக்காக ஒன்றுமே செய்யவில்லை. ஒரு சாமானைக் கையில் எடுத்து, 'இது இல்லாவிட்டால் வண்டி ஓடுமா?' என்று கேட்டார்கள். ஓடும் என்றால் அது குப்பைக்குப் போயிற்று. ஒவ்வொருவன் வண்டியும் ஒவ்வொரு தினுசு. அவரவர் கொட்டகையில், அவரவர் கைவேலை. 1947 ஜூலையில் கலிபோர்னியாவில் ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில் மோட்டார் சைக்கிள் விழா ஒன்றில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி, குடித்துக் கூத்தடித்து, அந்த ரகளை பத்திரிகைகளில் பெரிய செய்தியாகிவிட்டது. 1953-ல் மார்லன் பிராண்டோ நடித்து ஒரு சினிமாவும் வந்தது. வால் நறுக்கிய வண்டி என்றால் போக்கிரிகளின் வண்டி என்று தாய்மார்கள் பயப்பட ஆரம்பித்தார்கள்.

இனி 'இந்தியன்' கம்பெனியின் பக்கம் வருவோம். அதன் ஜாதகமே தனி. மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்தில் ஸ்பிரிங்பீல்டு நகரில் 1901-ல் ஜார்ஜ் ஹெண்டி என்ற சைக்கிள் பந்தய வீரரும், ஆஸ்கார் ஹெட்ஸ்ட்ராம் என்ற கைதேர்ந்த எஞ்சினியரும் சேர்ந்து ஆரம்பித்தது. ஹார்லி கம்பெனிக்கு இரண்டு வயது மூத்தது. 1911-ல் புகழ் பெற்ற ஐல் ஆஃப் மான் தீவுப் பந்தயத்துக்குப் போய், முதல் மூன்று இடங்களையும் இந்தியன் வண்டிகளே தட்டிக்கொண்டு வந்தன. இரண்டாவதாக வந்தவர் சார்லஸ் பிராங்க்ளின் என்ற அயர்லாந்துக்காரர். அவரைக் கம்பெனி அமெரிக்காவுக்கே அழைத்துக்கொண்டது. அவர் வரைந்து கொடுத்து, 1920-ம் வருஷ வண்டியாக வெளிவந்ததுதான் 'ஸ்கவுட்'.

சுமார் 600 சி.சி. எஞ்சின்; அதிலிருந்து கியர் பெட்டிக்குச் சங்கிலி போடாமல் பல்சக்கரங்களாலேயே இணைப்பு. சிறிய வண்டி, தாழ்ந்த வண்டி, லேசில் கெடாத வண்டி. 1928-ல் வந்த '101 ஸ்கவுட்' அதைவிடப் பிரமாதம். நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள் அல்லவா? அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அந்தச் செங்குத்துப் பலகைச் சுவரில் சுற்றுகிறவர்கள் விரும்பித் தேடுவது இந்தப் பழைய ஸ்கவுட்டைத்தான். தொண்ணூறு வயது கடந்த வண்டிகள் இன்றும் சுவரேறிக்கொண்டிருக்கின்றன.

நியூஸிலாந்தில் இன்வர்கார்கில் என்ற ஊரில் பர்ட் மன்ரோ என்று ஒரு மனிதர். 1920-ல் ஒரு ஸ்கவுட் வாங்கினார். அன்று அதன் வேகம் மணிக்கு ஐம்பத்தைந்து மைலோ என்னவோ. அடுத்த ஐம்பது வருஷமாக அவருக்கு அதே வண்டிதான் வேலை. கொட்டகையில் உட்கார்ந்து பிஸ்டன்களைத் தாமே உருக்கி வார்த்தார். அறுநூறு சி.சி. எஞ்சினை 950 சி.சி. ஆக்கினார். 1967-ல், தமது 68-வது வயதில், அமெரிக்காவில் யூட்டா ராஜ்யத்தின் பானவில் உப்பு வெளிக்கு அதைக் கொண்டுபோய் மணிக்கு 184 மைல் வேகத்தில் ஓட்டிச் சாதனை செய்தார். 2005-ல் அவர் கதையைப் படமாகவும் எடுத்தார்கள். ஆண்டனி ஹாப்கின்ஸ் மன்ரோவாக நடித்தார். வால் நறுக்கிய சிப்பாய்களுக்கும் இந்தக் கிழவருக்கும் ஓர் உறவு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: வண்டி கம்பெனியிலிருந்து வந்துவிட்டதாலேயே வேலை முடிந்துவிட்டதாக இவர்கள் யாரும் நினைக்கவில்லை.

இத்தனை பேர் பெற்ற கம்பெனி 1953-ல் ஸ்பிரிங்பீல்டில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆலை போனாலும் பெயருக்கு மதிப்புப் போகவில்லை. அந்தப் பெயரை வைத்திருந்தவர்கள் 1955 முதல் சில வருஷங்களுக்கு இங்கிலாந்திலிருந்து ராயல் என்பீல்டு வண்டிகளைத் தருவித்து, டாங்க்கில் 'இந்தியன்' என்று எழுதி அமெரிக்காவில் விற்றார்கள். அதே 1955-ல்தான் நம் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டது. திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாகத் தொடங்கின. ஆக, இங்கிலாந்தில் செய்த என்பீல்டுக்கு அமெரிக்காவில் 'இந்தியன்' என்று பெயர். அசல் இந்தியாவில் தயாரானதற்கு 'என்பீல்டு' என்று பெயர்! அப்புறம் அந்தப் பெயர் பல கை மாறி, பல கோர்ட்டுப் படி ஏறி, கடைசியாக 2011-ல் மின்னஸோட்டா ராஜ்யத்துப் போலாரிஸ் கம்பெனியிடம் வந்து சேர்ந்தது.

இதற்குள் ஹார்லிக்காரர்கள் ஒரு ரகசியத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஜனங்கள் நம் வண்டியை வாங்கி, வெட்டி, மாற்றுகிறார்களே; நாமே வெட்டி விற்றால் என்ன? ஸ்தாபகர்களில் ஒருவரின் பேரனான வில்லி ஜி. டேவிட்ஸன் 1971-ல் 'சூப்பர் கிளைடு' என்ற வண்டியைக் கொண்டுவந்தார். பெரிய வண்டியின் உடம்பில் சின்ன வண்டியின் முன்புறத்தைப் பூட்டியது. அதன் பிறகு தொழிற்சாலையிலேயே ரம்பம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. 2009-ல் கறுப்பு 'அயர்ன் 883', 2010-ல் 'பார்ட்டி-எய்ட்'. இந்த இரண்டாவது வண்டியின் பெட்ரோல் டாங்க் எட்டு லிட்டருக்கும் குறைவு! பார்க்க வேர்க்கடலை போல இருக்கும். பெயரும் வேர்க்கடலை டாங்க்தான். அழகு வேண்டுமா, அடிக்கடி பெட்ரோல் பங்க்கில் நில் என்று அர்த்தம். அவை இரண்டும் 2022-ம் வருஷ வண்டிகளோடு நின்றுவிட்டன.

போலாரிஸ் 2014-ல் ஸ்கவுட் என்ற பெயரைப் புதிய வண்டிக்குச் சூட்டியது. 2017-ல் அதன் வாலை நறுக்கிப் 'பாபர்' என்று வெளியிட்டது. அன்று 1133 சி.சி., நூறு குதிரைத் திறன். 2024-ல் புதுப்பித்தபோது 1250 சி.சி., 105 குதிரைத் திறன். நம் பழைய அம்பாஸடர் காரின் எஞ்சின் சுமார் ஐம்பது குதிரைதான் என்று ஞாபகப்படுத்திக்கொண்டால் இந்தக் கணக்கின் விபரீதம் விளங்கும். கல்யாணப் பெண்ணையும் சம்பந்தி வீட்டாரையும் சுமந்த சக்தியைப் போல இரண்டு மடங்கு, ஒரே ஓர் ஆசாமிக்கு!

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. வெளியே பார்த்தால் எல்லாவற்றையும் துறந்த சந்நியாசி. உள்ளேயோ பெரிய சம்சாரி. எஞ்சினைக் குளிர்விப்பது தண்ணீர். அதற்கு ரேடியேட்டர் வேண்டுமே, எங்கே? சட்டத்தின் இரண்டு முன் குழாய்களுக்கு நடுவே, ஒல்லியாக, கறுப்பாக, கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் நாலு வால்வு. பெட்ரோலை அளந்து விடுவது கம்ப்யூட்டர். அன்றைய சிப்பாய் ஒரு ஸ்பேனரும் சுத்தியலும் வைத்துக்கொண்டு முழு வண்டியையும் பிரித்துவிடுவான். இதைத் தொட வேண்டுமானால் கம்பெனி மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

சிப்பாய் எடையைக் குறைக்க வாலை வெட்டினான் என்று சொன்னேன் அல்லவா? இந்த வண்டியின் எடை ஏறக்குறைய கால் டன். மட்கார்டில் போன அரை வீசை இதில் எந்த மூலைக்கு? இன்னொரு வேடிக்கை. வண்டி தாழ்வாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்சக்கரம் மேலும் கீழும் அசைகிற தூரத்தை இரண்டே அங்குலமாகச் சுருக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் வழவழப்பான நெடுஞ்சாலையில் பாதகமில்லை. பள்ளம் ஒன்று வந்துவிட்டால், அதன் ஆழம் எத்தனை என்பதை ஓட்டுகிறவரின் முதுகெலும்பு துல்லியமாகச் சொல்லிவிடும். வளைவுகளில் கொஞ்சம் அதிகமாகச் சாய்த்தால் கால் வைக்கும் கட்டை தரையில் உரசி நெருப்புப் பொறி பறக்கும். வேகத்துக்காகப் பிறந்த வேஷம், கடைசியில் வேகத்துக்கே இடைஞ்சலாக வந்து நிற்கிறது.

அப்படியானால் இது மோசடியா? புதுக் கால்சராயை ஆலையிலேயே கிழித்து அதிக விலைக்கு விற்கிறார்களே, அந்த ஜாதியா? ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏழ்மையின் உடுப்பைப் பணக்காரனுக்குத் தைத்துக் கொடுக்கிற வேலை இது என்று கோபம்கூட வந்தது. ஆனால் பாதிதான் உண்மை. சிப்பாய்கள் முன் பிரேக்கைக் கழற்றிவிட்டுச் செத்தார்கள். இந்த வண்டியில் நல்ல பிரேக் இருக்கிறது. சட்டம் கேட்கிற விளக்கும், இண்டிகேட்டரும், கண்ணாடியும் இருக்கின்றன. எல்லாவற்றையும் மூடி மறைத்துத் தகடு போர்த்திய வண்டிகள் பெருகிவிட்ட இந்த நாளில், எஞ்சின் எஞ்சினாகவும் சக்கரம் சக்கரமாகவும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு வண்டியைப் பார்த்தால் ஒரு திருப்தி உண்டாகிறது, வாஸ்தவம்தான். அந்தத் திருப்திக்குப் பதின்மூவாயிரம் டாலர் தகுமா என்பது அவரவர் பர்ஸைப் பொறுத்தது. இரண்டங்குல ஸ்பிரிங்கை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வாங்குகிறவர்களும் சும்மா இருப்பதில்லை. கம்பெனி நறுக்கியது போதாதென்று, நம்பர் பலகையைத் தாங்கும் கம்பியைக் கழற்றுகிறார்கள், ஆசனத்தை மாற்றுகிறார்கள், சைலன்ஸரை மாற்றுகிறார்கள். ரம்பம் பிடித்த கைகள் இன்னும் தினவெடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. கம்பெனிக்கும் மறுபடி கை மாறும் வேளை வந்தது. பெரும் பங்கைக் கரோல்வுட் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப் போவதாகப் போலாரிஸ் 2025 அக்டோபரில் அறிவித்தது.

வாசற்படியில் நிற்கிற அம்மாளுக்குப் பதில் சொல்ல மறந்துவிடவில்லை. இந்த வண்டிகளுக்கென்று உபரி சாமான்களின் ஜாபிதா ஒன்று உண்டு. எடுத்துவிட்ட காற்றுக் கண்ணாடியும், எடுத்துவிட்ட பைகளும் அதில் வரிசையாக இருக்கின்றன. பின்னால் உட்காருகிறவருக்கு ஆசனமும் இருக்கிறது. அதற்கு விலை தனி. கால் வைத்துக்கொள்ளும் கட்டைகளுக்கு அதைத் தவிரத் தனி.